ஒளி கூடிக் குறைவதை வைத்து ஒரு விண்மீனை எப்படி எடை போடுகிறார்கள்?

சாட்ஸ்வர்த் குமரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம், டர்பனிலிருந்து எழுதுகிறேன். பள்ளி விடுமுறையில் மகளோடு கேப் டவுன் போய்விட்டுத் திரும்பும் வழியில் சதர்லாந்து வானாய்வகத்தைப் பகல் நேரச் சுற்றுலாவில் பார்த்தோம். சால்ட் தொலைநோக்கியைப் பார்க்கத்தான் போனோம், ஆனால் மகளுக்குப் பிடித்துப்போனது அதே மேட்டில் இருக்கும் கொரியாக்காரர்களின் தொலைநோக்கி. அது நம் பால்வீதியின் நடுப்பகுதியையே இரவு முழுக்கத் திரும்பத் திரும்பப் படமெடுக்கிறது, சில பகுதிகளை 15 நிமிடத்துக்கு ஒரு தடவை கூட எடுக்கிறது என்று சொன்னார்கள். அந்தப் படங்களில் எங்கோ ஒரு விண்மீன் சில நாட்கள் பிரகாசமாகிப் பிறகு பழையபடி ஆனால், அதை வைத்து இன்னொரு விண்மீனின் எடையையும் அதைச் சுற்றும் கோளையும் கண்டுபிடிக்கலாமாம். பெயர் மைக்ரோலென்சிங்.

மகள் பதினோராம் வகுப்பு. இதையே பள்ளி இயற்பியல் புராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து கேள்விதான், எனக்குப் பதில் தெரியவில்லை. ஐன்ஸ்டைன் சொன்னபடி ஈர்ப்பு ஒளியை வளைக்கும், அது புரிகிறது. ஒரு விண்மீனுக்கு முன்னால் இன்னொன்று வந்தால் வில்லை மாதிரி ஒளியைக் குவிக்கும், அதுவும் சரி. ஆனால் நம் கைக்கு வருவது ஒரு வரைபடம் மட்டும்தானே, ஏறி இறங்கும் ஒரு கோடு. அதில் எடை எங்கே இருக்கிறது? முன்னால் வந்த விண்மீன் கண்ணுக்கே தெரியாது என்கிறார்கள், அப்படியென்றால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் தெரியாதே. கோள் இருப்பதை வேறு எப்படிச் சொல்கிறார்கள்?

தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுங்கள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, அவளும் உட்கார்ந்து படிப்பாள்.

மலர்விழி, கேப் டவுன் எழுதியது:

குமரன் அண்ணா, உங்கள் மகள் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறாள். அந்த வரைபடத்தில் எடை நேரடியாக இல்லை. எடை, தூரம், வேகம் மூன்றும் கலந்த ஒரே ஒரு எண்தான் இருக்கிறது. அந்தக் கலவையைப் பிரிக்க என்னென்ன செய்கிறார்கள் என்பதுதான் இந்தத் துறையின் பாதி வேலை. நான் கல்லூரியில் வானியல் படித்தவள், இப்போது வேலை வேறு, ஆனாலும் இந்த விஷயத்தை விட்டதில்லை. முதலிலிருந்து சொல்கிறேன்.

1936ல் ரூடி மாண்டல் என்ற செக் நாட்டுப் பொறியாளர் ஐன்ஸ்டைனை நேரில் போய்ப் பார்த்து இந்த யோசனையைச் சொன்னார். ஐன்ஸ்டைன் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு விண்மீன் இன்னொன்றுக்கு நேர் முன்னால் வந்தால் பின்னால் இருப்பதன் ஒளி ஒரு வளையமாகத் தெரியும் என்று சயின்ஸ் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். கூடவே, இதை நேரில் பார்க்க வாய்ப்பு அநேகமாக இல்லை என்றும் எழுதிவிட்டார். அன்றைய கருவிகளை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயம்தான். அந்த வளையத்தின் ஆரம் நம் பால்வீதிக்குள் பெரும்பாலும் ஒரு மில்லி ஆர்க்செகண்டுக்கும் (ஒரு பாகையை 36 லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு துண்டு) குறைவு. டர்பனில் நின்றுகொண்டு, சென்னையில் ஒருவர் கையில் பிடித்திருக்கும் ஐந்து ராண்ட் நாணயத்தைப் பார்க்க முயன்றால் அது எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே வளையத்தை வளையமாக யாரும் பார்ப்பதில்லை, அதில் கூடுதலாக வந்து சேரும் ஒளியைத்தான் அளக்கிறார்கள். இன்னொரு சிக்கல், நடுப்பகுதியை நோக்கிப் பார்த்தால் எந்த நேரத்திலும் பத்து லட்சம் விண்மீன்களில் ஏதோ ஒன்றிரண்டுதான் இப்படி மாட்டும். அதனால்தான் கோடிக்கணக்கான விண்மீன்களைத் தினமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 1986ல் போலந்து நாட்டு வானியலாளர் போதான் பச்சின்ஸ்கி இதைச் செய்யலாம் என்று எழுதினார், 1993ல் மூன்று குழுக்கள் முதல் நிகழ்வுகளை அறிவித்தன. இப்போது சிலியிலிருந்து பார்க்கும் ஓக்லே குழு மட்டுமே நல்ல வருடத்தில் 2,000 நிகழ்வு வரை பிடிக்கிறது.

சரி, எடைக்கு வருவோம். அந்த வளையத்துக்கு ஐன்ஸ்டைன் வளையம் என்றே பெயர். முன்னால் இருக்கும் விண்மீனின் நிறை நான்கு மடங்கானால் வளையத்தின் ஆரம் இரண்டு மடங்காகும், அதாவது நிறையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. பின்னால் இருக்கும் விண்மீன் இந்த வளையத்தைக் கடந்துபோக எவ்வளவு நாளாகிறது என்பதுதான் வரைபடத்தின் அகலம். சாதாரண விண்மீனுக்கு அது இருபது நாள் அளவில் இருக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள், இருபது நாள் என்பது கனமான விண்மீன் வேகமாகப் போனதாலும் வரலாம், இலேசான விண்மீன் மெதுவாகப் போனதாலும் வரலாம், தூரம் மாறினாலும் வரலாம். மூன்று தெரியாத எண்கள், கையில் ஒரே சமன்பாடு.

அதைப் பிரிக்க இன்னும் இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று, வளையத்தின் கோண அளவு. பின்னால் இருக்கும் விண்மீன் வெறும் புள்ளி இல்லையே, அதற்கும் ஒரு விட்டம் உண்டு. ஒளி மிகக் கூர்மையாகக் குவியும் கட்டத்தில் அந்த விட்டம் வரைபடத்தின் உச்சியைக் கொஞ்சம் மழுங்கடிக்கும். எவ்வளவு மழுங்கியது என்பதிலிருந்து வளையம் விண்மீனின் விட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும். விண்மீனின் கோண விட்டத்தை அதன் நிறத்தையும் பிரகாசத்தையும் வைத்துக் கணக்கிடலாம். இரண்டாவது, இடமாறு தோற்றம், அதாவது பார்க்கும் இடம் மாறினால் காட்சியும் கொஞ்சம் மாறுவது. பூமி சூரியனைச் சுற்றிக்கொண்டே இருப்பதால் பல மாதம் நீடிக்கும் நிகழ்வில் வரைபடம் ஒரு பக்கமாகச் சாயும். குறுகிய நிகழ்வில் இந்தச் சாய்வு தெரியாது, அதற்குப் பூமியிலிருந்து வெகு தூரத்தில் இன்னொரு கண் வேண்டும். 2014 முதல் 2019 வரை ஸ்பிட்சர் விண்தொலைநோக்கியை இதற்குப் பயன்படுத்தினார்கள். இங்கிருந்து பார்த்தால் ஒரு நாள் உச்சம், ஸ்பிட்சரிலிருந்து பார்த்தால் வேறொரு நாள் உச்சம். அந்த வித்தியாசம் எடையையும் தூரத்தையும் அவிழ்த்துக் கொடுத்துவிடும். இரண்டு அளவும் கிடைத்துவிட்டால் ஒன்றை மற்றொன்றால் வகுத்து ஒரு மாறிலியாலும் வகுத்தால் நிறை. அந்த விண்மீன் ஒளி தருகிறதா இல்லையா என்ற கேள்வியே வராது.

கோள் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். வளையத்துக்கு அருகே ஒரு கோள் இருந்தால், அதன் ஈர்ப்பும் சேர்ந்து ஒளியை இன்னும் கொஞ்சம் திருப்பும். பெரிய மேட்டின் மேல் ஒரு சின்னத் துள்ளல் வரும், சில சமயம் ஒரு பள்ளம் வரும். வியாழன் அளவு கோளுக்கு அது ஒரு நாள் அளவில் நீடிக்கும், பூமி அளவுக்குச் சில மணி நேரம்தான். அந்தத் துள்ளல் எங்கே வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன வடிவம் என்பதிலிருந்து கோளின் நிறை விண்மீனின் நிறையில் எத்தனை பங்கு என்பது தெரியும். பங்குதான் தெரியும், கிலோ தெரியாது. முதலில் விண்மீனை எடை போட்டால்தான் கோளுக்கு எடை.

மகளுக்கு ஒரு உதாரணம் தருகிறேன், கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2005 ஜூலை 31ல் உச்சத்துக்கு வந்த ஒரு நிகழ்வு இருக்கிறது, ஓக்லே 2005 பிஎல்ஜி 390 என்று பெயர். பிரகாசம் மூன்று மடங்குதான் கூடியது, பெரிதாக ஒன்றுமில்லை. பத்து நாள் கழித்து, இறங்கிக்கொண்டிருந்த கோட்டில் அரை நாள் அளவுக்கு ஒரு சின்ன மேடு. சிலியிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருந்த தொலைநோக்கிகள் அதைப் பிடித்தன. விண்மீனின் நிறையில் கோளின் பங்கு ஒரு லட்சத்தில் 7.6, இது பத்து சதவீதத் துல்லியத்தில் தெரியும். விண்மீன் சூரியனில் 0.22 பங்கு. சூரியன் பூமியைப் போல 3,33,000 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 5.5 பூமி வருகிறதா? 2006 ஜனவரியில் நேச்சர் இதழில் வந்த எண் அதுதான். ஆனால் அதே கட்டுரையில் பிழை அளவைப் பாருங்கள். 5.5 என்பது 11 ஆகவும் இருக்கலாம், 2.8 ஆகவும் இருக்கலாம். பங்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தும் எடை இப்படி ஆடுவதற்குக் காரணம், அந்த விண்மீனை யாரும் தனியாக எடை போடவில்லை. நடுப்பகுதி விண்மீன்கள் பொதுவாக எப்படி இருக்கும், எப்படி நகரும் என்ற மாதிரியை வைத்து மதிப்பிட்டார்கள். செய்தித்தாளில் 5.5 மட்டும்தான் வரும். இந்தப் பிழை அளவை அவள் புராஜெக்டில் கட்டாயம் எழுத வேண்டும்.

ஜோபர்க் ராஜா எழுதியது:

மலர்விழி சொன்னது எல்லாம் தூரத்து நடுப்பகுதி விண்மீன்களுக்கு. பக்கத்தில் இருக்கும் விண்மீன்களை எடை போட இன்னும் நேரான வழி ஒன்று உண்டு, அதில் தென்னாப்பிரிக்காவுக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. குமரன், மகளிடம் இதை முதல் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள்.

சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் பிராக்ஸிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு. அதைக் கண்டுபிடித்தது இங்கே ஜொகன்னஸ்பர்க்கில், 1915ல், யூனியன் வானாய்வகத்தில் ராபர்ட் இன்னஸ் என்பவர். அந்தக் குன்று இருக்கும் பேட்டைக்கே அப்சர்வேட்டரி என்றுதான் பெயர், நான் வேலைக்குப் போகிற வழி. பழைய குவிமாடங்கள் இன்னும் மேலே நிற்கின்றன.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பிராக்ஸிமாவின் எடையை நேரடியாக அளக்க நூறு வருடம் எவராலும் முடியவில்லை. விண்மீனை எடை போட வழக்கமான வழி, அதை இன்னொரு விண்மீன் சுற்ற வேண்டும், எவ்வளவு தூரத்தில் எத்தனை நாளில் சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். பிராக்ஸிமா ஆல்ஃபா சென்டாரி இரட்டையைச் சுற்றுகிறதுதான், ஆனால் ஒரு சுற்றுக்கு ஐந்து லட்சம் வருடத்துக்கு மேல் ஆகும். காத்திருந்து அளக்கிற விஷயமா அது. அதனால் அதன் ஒளியைப் பார்த்து, இப்படிப்பட்ட சிவப்புக் குறுமீனுக்கு, அதாவது சிறிய மங்கலான விண்மீனுக்கு, இவ்வளவு எடை இருக்கும் என்று மாதிரியை வைத்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிராக்ஸிமா பக்கத்தில் இருப்பதால் வானத்தில் வேகமாக இடம் மாறும். 2016ல் பின்னால் வெகு தூரத்தில் இருக்கும் ஒரு மங்கலான விண்மீனுக்கு மிக அருகே அது போகப்போகிறது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். நேர் முன்னால் இல்லை, கொஞ்சம் விலகித்தான். அப்படி விலகிப் போனால் பிரகாசம் அதிகமாகாது, ஆனால் பின்னால் இருக்கும் விண்மீன் தன் இடத்திலிருந்து துளி நகர்ந்தது போலத் தெரியும். 1919 கிரகணத்தில் சூரியனுக்கு அருகே தெரிந்த விண்மீன்கள் நகர்ந்தது போலத் தெரிந்ததே, அதே விளைவுதான், அளவு மட்டும் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிலியில் இருக்கும் பெரிய ஐரோப்பியத் தொலைநோக்கியால் அந்த நகர்வை அளந்து, பிராக்ஸிமா சூரியனில் 0.15 பங்கு என்று 2018ல் சொன்னார்கள். பிழை நாற்பது சதவீதம், அது பெரிதுதான். ஆனாலும் மாதிரியை நம்பாமல், ஈர்ப்பை மட்டும் வைத்துக் கிடைத்த எண் அது. இந்த வழியில் மலர்விழி சொன்ன கலவைச் சிக்கலே இல்லை. முன்னால் போகும் விண்மீன் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகம் எல்லாம் ஏற்கெனவே தெரியும். எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால் மிச்சமிருப்பது நிறை ஒன்றுதான்.

இதற்கு ஒரு வருடம் முன்னால், 2017ல், ஹபிள் தொலைநோக்கியை வைத்து ஸ்டைன் 2051 பி என்ற வெண் குறுமீனை, அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீனை, இதே மாதிரி எடை போட்டார்கள். 18 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. பின்னால் இருந்த விண்மீன் நகர்ந்தது இரண்டு மில்லி ஆர்க்செகண்ட்தான், அதுவும் இந்த வெண் குறுமீனின் வெளிச்சத்தில் கண் கூசுகிற இடத்தில். கிடைத்த எடை சூரியனில் 0.675 பங்கு. இதில் நமக்குச் சந்தோஷமான விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் அந்த வெண் குறுமீனின் எடையைக் குறைவாக மதிப்பிட்டிருந்தார்கள், அந்த எடை சரி என்றால் அதன் உள்ளே இரும்பு இருக்க வேண்டும் என்று ஒரு விநோதமான முடிவு வந்தது. புதிய எடை வந்ததும் அந்த விநோதம் போய்விட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சுப்ரமணியன் சந்திரசேகர், 1930ல் கப்பலில் இங்கிலாந்து போகும்போதே வெண் குறுமீன்களைப் பற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டு போனாரே, எடை கூடக் கூட அவை சிறுத்துக்கொண்டே போகும் என்று சொல்லும் அந்தக் கோட்பாட்டோடு இது பொருந்தி வந்தது. அந்த மனிதருக்கு நோபல் கிடைத்தது 1983ல். ஒரு வெண் குறுமீனை இப்படி ஒளி வளைவதை வைத்து நேரடியாக எடை போட்டு அவர் கணக்கைச் சரிபார்க்க 2017 வரை ஆனது.

சாட்ஸ்வர்த் குமரன் எழுதியது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. மகள் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தாள், 5.57 வந்தது, ஒரே குஷி. சந்திரசேகர் பற்றிப் படித்ததும் என் அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் திரும்ப வாசித்துக் காட்டினாள்.

அவளுக்கு இன்னொரு கேள்வி. அந்த இரண்டு விண்மீனும் மறுபடி ஒரு நேர்கோட்டில் வரப்போவதில்லை. பள்ளிக்கூடத்தில் சோதனை என்றால் திரும்பச் செய்து பார்க்க முடிய வேண்டும் என்றுதானே சொல்லித் தருகிறார்கள். ஒரே தடவை, அரை நாள் மட்டும் நடந்ததை வைத்து அங்கே கோள் இருக்கிறது என்று எப்படி நம்புவது? கேமராவில் ஏதாவது கோளாறாக இருந்தால்?

மாரிட்ஸ்பர்க் வாத்தியார் எழுதியது:

தம்பி, பெண் கேட்ட கேள்வி அருமையான கேள்வி. நான் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு வானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்வதுண்டு, அந்த வகையில் இதைப் படித்து வைத்திருக்கிறேன்.

நிகழ்வைத் திரும்ப நடத்த முடியாது, அது உண்மை. ஆனால் நடக்கும்போதே பல பேர் தனித்தனியாகப் பார்க்கலாம். சதர்லாந்தில் நீங்கள் பார்த்த அந்தத் தொலைநோக்கி மூன்றில் ஒன்று. அதே போல 1.6 மீட்டர் ஆடி வைத்த இன்னொன்று சிலியில், மூன்றாவது ஆஸ்திரேலியாவில். 2015லிருந்து மூன்றும் ஒரே வலையாக வேலை செய்கின்றன. ஜூன் மாதத்தில் ஆஸ்திரேலியாவில் விடிவதற்குள் சதர்லாந்தில் இருட்டிவிடும், சதர்லாந்தில் விடிவதற்குள் சிலியில் இரவு தொடங்கிவிடும். ஆகவே மேகம் வராத வரைக்கும் இருபத்துநான்கு மணி நேரமும் நடுப்பகுதி மேல் ஒரு கண் இருக்கும். இதோடு ஓக்லே தனி, நியூசிலாந்தில் ஜப்பானியரும் நியூசிலாந்துக்காரரும் சேர்ந்து நடத்தும் மோவா தனி. வெவ்வேறு நாடு, வெவ்வேறு கேமரா, வெவ்வேறு மென்பொருள். நாலு இடத்திலும் ஒரே நேரத்தில் ஒரே துள்ளல் வந்தால் அது கேமரா கோளாறு இல்லை.

இந்த வலையில் நம் நாடு எவ்வளவு முக்கியம் என்பதை நான் எங்கே போனாலும் சொல்வேன். உலக வரைபடத்தைப் பாருங்கள், தெற்கே சிலிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவில் முழுக்கக் கடல், இடையில் இருக்கும் நிலம் நம்முடையதுதான். சதர்லாந்து இல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் பல மணி நேரம் யாரும் பார்க்காமலே போய்விடும், பூமி அளவு கோளின் துள்ளல் அந்த இடைவெளியில் வந்து போயே போய்விடும். கொரியாக்காரர்கள் வருவதற்கு முன்பே, 1995ல் தொடங்கிய பிளானெட் என்ற கூட்டமைப்பில் சதர்லாந்தின் பழைய 1 மீட்டர் தொலைநோக்கி இருந்தது. அவர்கள் 2002 முதல் 2007 வரை எடுத்த தரவுகளை வைத்துத்தான் 2012ல் நேச்சரில், பால்வீதியில் சராசரியாக ஒரு விண்மீனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கோள் இருக்கிறது என்று எழுதினார்கள். அதாவது கோள் இல்லாத விண்மீன்தான் அபூர்வம். நம் கரூ வறண்ட நிலத்தின் குளிரில் இரவெல்லாம் உட்கார்ந்து எடுத்த படங்களுக்கும் அந்த முடிவில் பங்கு உண்டு.

பெண் கேட்டதற்கு இன்னொரு பதிலும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. வருடக்கணக்கில் காத்திருந்தால் சரிபார்க்கவும் முடியும். முன்னால் வந்த விண்மீனும் பின்னால் இருந்ததும் மெல்ல மெல்ல விலகிப் போகும். 2005ல் நடந்த வேறொரு நிகழ்வு, ஓக்லே 2005 பிஎல்ஜி 169. ஆறரை வருடம் கழித்து ஹபிளும், எட்டு வருடம் கழித்து ஹவாயில் இருக்கும் கெக் தொலைநோக்கியும் அதே இடத்தைப் பார்த்தன. அதற்குள் இரண்டு விண்மீனும் பிரிந்து தெரியும் அளவுக்கு விலகியிருந்தன. எவ்வளவு வேகத்தில் விலகின என்பது, கோள் இருக்கிறது என்று வைத்துப் போட்ட பழைய கணக்கோடு பொருந்தியது. விண்மீன் சூரியனில் 0.69 பங்கு, கோள் பூமியைப் போல 14 மடங்கு என்று எடையும் இறுகியது. முன்னால் மலர்விழி அம்மா காட்டிய பிழை அளவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், இதில் கோளின் எடைக்குப் பிழை ஒரு பூமி கூட இல்லை. நிகழ்வு நடந்த அன்றைக்கே முடிவாக எதையும் சொல்லிவிட முடியாத துறை இது, பத்து வருடம் பொறுத்திருந்து சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை.

மலர்விழி, கேப் டவுன் எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், கணக்குப் பொருந்தாமல் போன ஒரு சம்பவமும் மகளுக்குத் தெரிய வேண்டும். 2011ல் ஒரு நிகழ்வு, நூற்றுக்கணக்கான நாள் நீண்டது, அதாவது முன்னால் வந்தது மிகக் கனமானது அல்லது மிக மெதுவானது. ஹபிளை வைத்து ஆறு வருடம் பின்னால் இருந்த விண்மீனின் நகர்வை அளந்தார்கள். முன்னால் இருந்த பொருளிலிருந்து ஒளியே வரவில்லை. 2022ல் இரண்டு குழுக்கள் கிட்டத்தட்ட அதே தரவை வைத்து இரண்டு விடை சொன்னார்கள். ஒன்று 7.1 சூரியன், சந்தேகமில்லாமல் கருந்துளை. மற்றது 1.6 முதல் 4.4 வரை, அப்படியானால் நியூட்ரான் விண்மீனாகவும் இருக்கலாம். பக்கத்தில் இருந்த பிரகாசமான ஒரு விண்மீனின் ஒளியை எப்படிக் கழிப்பது என்பது போன்ற நுணுக்கங்களில் வித்தியாசம் வந்தது. பிறகு தரவைத் திரும்ப அலசி, இரண்டாவது குழுவின் விடையும் 6 சூரியனுக்கு வந்தது. துணை எதுவும் இல்லாமல் தனியாக அலையும் ஒரு கருந்துளையை இப்படித்தான் முதன்முதலில் எடை போட்டார்கள். வேறு எந்த வழியிலும் அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது, எக்ஸ் கதிர் இல்லை, துணை விண்மீன் இல்லை, ஒன்றுமே இல்லை, ஈர்ப்பு மட்டும்தான். எனக்கு இந்தத் துறை பிடித்துப்போனதே இதற்காகத்தான்.

புராஜெக்டுக்கு என் யோசனை. ஓக்லே குழுவின் முன்னறிவிப்புப் பக்கத்தில் பழைய வருடங்களின் நிகழ்வுகள் எல்லாம் வரைபடத்தோடும் எண்களோடும் இலவசமாகக் கிடைக்கும். பிரகாசம் பத்து மடங்குக்கு மேல் கூடிய, துள்ளல் எதுவும் இல்லாத, நன்றாகப் புள்ளிகள் நிறைந்த ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். அதில் பிரகாசம் வழக்கத்தைப் போல 1.34 மடங்குக்கு மேல் எத்தனை நாள் இருந்தது என்று எண்ண வேண்டும். பின்னால் இருக்கும் விண்மீன் வளையத்தின் விளிம்பைத் தொடும்போது பிரகாசம் சரியாக 1.34 மடங்காகும், இது கணக்கிலிருந்து வரும் எண். பிரகாசம் நிறையக் கூடிய நிகழ்வில் அது வளையத்தின் நடுவே போயிருக்கும், ஆகவே எண்ணிய நாட்களில் பாதி, வளையத்தின் ஆரத்தைக் கடக்க ஆன நேரம். ஒரு எச்சரிக்கை, நடுப்பகுதியில் விண்மீன்கள் நெருக்கமாக இருப்பதால் பக்கத்து விண்மீனின் ஒளியும் அதே புள்ளியில் கலந்திருக்கும். அது கலந்தால் நாட்கள் குறைவாகத் தெரியும். ஓக்லே பக்கத்தில் கொடுத்திருக்கும் நாட்களோடு தன் விடையை ஒப்பிட்டால் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அவளுக்கே புரியும்.

ஜோபர்க் ராஜா எழுதியது:

சொந்தமாகப் படமெடுக்க ஆசைப்பட்டால் அதற்கும் வழியில்லாமல் இல்லை. 2006ல் அகிஹிகோ டாகோ என்ற ஜப்பானிய அமெச்சூர் ஒருவர் காசியோபியாவில் ஒரு சாதாரண விண்மீன் திடீரென்று பிரகாசமானதைப் பார்த்தார், நாற்பது மடங்கு கூடி பைனாகுலரிலேயே தெரியும் அளவுக்கு வந்தது. 2017ல் இன்னொரு ஜப்பானிய அமெச்சூர், டடாஷி கோஜிமா, ரிஷபத்தில் ஒன்றைப் பிடித்தார், அதில் நெப்டியூன் ரகக் கோள் இருப்பது பிறகு தெரிந்தது. இரண்டும் நடுப்பகுதியிலேயே இல்லை, வானத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததால் கிடைத்தவை.

டர்பனுக்கு இன்னொரு வசதி. பால்வீதியின் நடு, தனுசு ராசியில், வான அட்சம் தெற்கே 29 பாகையில் இருக்கிறது. டர்பனும் ஏறக்குறைய அதே 30 பாகைத் தெற்கு. ஆகவே ஜூன் கடைசியில் நள்ளிரவுக்கு அது நேர் உச்சந்தலைக்கு மேலே வரும், குளிர்காலத்தில் உங்கள் பக்கம் மழையும் குறைவு. சென்னையில் அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு அது தெற்கே சாய்ந்துதான் தெரியும். நகர வெளிச்சத்தை விட்டு ட்ராகன்ஸ்பர்க் பக்கம் ஒரு இரவு போனால், நடுப்பகுதியின் விண்மீன் மேகம் வெறும் கண்ணுக்கே தெரியும். அங்கே நின்று மகளுக்கு அந்த இடத்தைக் காட்டுங்கள். நாசா அடுத்து ஏவப்போகும் ரோமன் விண்தொலைநோக்கியும் அதே பகுதியைத்தான் மாதக்கணக்கில் பார்க்கப்போகிறது, 2027 மே மாதத்துக்குள் ஏவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் அவள் பள்ளி முடித்திருப்பாள், பல்கலைக்கழகத்தில் என்ன எடுப்பது என்று யோசிக்கிற நேரம்.

சாட்ஸ்வர்த் குமரன் எழுதியது:

ராஜா அண்ணா, ஐயா, மலர்விழி, மூன்று பேருக்கும் நன்றி. மகள் ஓக்லே பக்கத்தைத் திறந்து 2019ஆம் வருடப் பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டாள், 1.34 கோட்டை அளவுகோல் வைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கத்தில் பிரகாசத்தை மேக்னிடியூட் என்ற வானியல் அளவில் கொடுத்திருக்கிறார்கள், மடங்காக இல்லை. 1.34 மடங்கு என்றால் எத்தனை மேக்னிடியூட்?

மலர்விழி, கேப் டவுன் எழுதியது:

0.32. வழக்கமான கோட்டிலிருந்து 0.32 மேக்னிடியூட் பிரகாசமான இடத்தில் ஒரு கிடைக்கோடு போடச் சொல்லுங்கள். மேக்னிடியூடில் எண் குறைந்தால்தான் பிரகாசம் கூடுதல், கோட்டைத் தவறான பக்கம் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். விடை வந்ததும் இங்கேயே போடுங்கள், ஓக்லே எண்ணோடு சேர்த்துப் பார்ப்போம்.